திலகம் அக்காவின் லாத்தா

என் மகள் மோகனாவின் கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்த செய்தி ஒரு வியாழக்கிழமை காலைத் தேநீர் இடைவேளையில் வந்தது. ரவாங்கில் நான் வேலை செய்யும் பிளாஸ்டிக் டப்பா தொழிற்சாலையின் பின்பக்கம், வேலிக்கருகே நின்று ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை தொலைபேசியில் அழுதுகொண்டே சிரித்தாள். ஏதோ வெளிநாட்டுச் சங்கம் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆண்டுதோறும் வைக்கும் போட்டியாம். எத்தனையோ நாடுகளிலிருந்து வந்த கட்டுரைகளில் இவளுடையதுதான் முதலாம்.

அவள் படிக்கும் பாடத்துக்கு உளவியல் மானிடவியல் என்று பெயர். அது என்ன என்று முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். மனிதருக்கு வருகிற பயம், கோபம், அழுகை எல்லாம் அவர்கள் வாழும் கூட்டத்தின் பழக்கவழக்கத்தால் எப்படி உருமாறுகின்றன என்று ஆராய்வதாம். பயப்படுவதற்குக்கூடப் பாடம் வைத்திருக்கிறார்களா, அப்படியானால் எனக்கு நேரடியாகப் பட்டமே கொடுத்துவிடலாமே என்று அப்போது கேலி செய்தேன். நான் பயந்த சுபாவம். அன்றைக்கு மட்டும் அதிசயமாக முதலில் சந்தோஷம் வந்தது. பயம் அரை நிமிடம் தாமதமாக வந்தது.

எதைப் பற்றி எழுதினாய் என்று கேட்டேன்.

"திலகம் பெரியம்மாவப் பத்திதான்மா. நீங்க டிரே போடுவீங்கள்ல, அந்தக் கதை. பேரெல்லாம் மாத்திட்டேன்லா, பயப்படாதீங்க" என்றாள்.

ரொட்டி முழுதாகத் தேநீருக்குள் விழுந்தது. பத்தடி தள்ளி, மதில் நிழலில் திலகம் அக்கா காலணியைக் கழற்றிவிட்டுப் பாதத்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் போனில் என்று கண்ணாலேயே கேட்டாள். மகள் என்று வாயசைத்தேன். நன்றாக இருக்கிறாளா என்று அடுத்த கேள்வியையும் கண்ணாலேயே கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திலகம் அக்கா யார் என்று சொல்லாமல் என் பயத்தைச் சொல்ல முடியாது. அவள் பிறந்தது அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். அவள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிப்பதற்குள் ரப்பரை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். பதினேழு வயதில் அவளும் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போனாள். ஒருநாள் குலை வெட்டுகிறவர் நீளக் கழியில் கட்டிய அரிவாளை இழுக்க, குனிந்திருந்த இவளுக்கு ஒரு முழம் தள்ளிக் குலை வந்து விழுந்தது. ஒரு மூட்டை அரிசி கனம் இருக்கும். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் இரண்டு நாள் பேச்சே வரவில்லை. மூன்றாம் நாள் பேச்சு வந்தபோது கூடவே இதுவும் வந்தது.

இது என்றால் லாத்தா. மலாய்க்காரர்கள் வைத்த பெயர்; நாங்களும் அப்படியே சொல்கிறோம். பின்னாலிருந்து யாராவது கைதட்டினாலோ, இடுப்பில் விரலால் குத்தினாலோ, ஏதாவது பொருள் தடாலென்று விழுந்தாலோ, லாத்தா உள்ளவர் துள்ளிக் குதிப்பார். கையில் இருப்பதை எறிவார். எதிரில் இருப்பவர் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்வார். ஆடு என்றால் ஆடுவார். மற்ற நேரத்தில் வாயில் வராத வார்த்தையெல்லாம் சரளமாக வரும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். அவர் வெட்கப்படுவார், சுற்றி நிற்பவர்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. லாத்தாவில் வந்த பேச்சுக்கு யாரும் கோபப்படக் கூடாது. மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, கோபப்பட்டவரைத்தான் ஊரே கேலி பேசும்.

திலகம் அக்காவின் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியதும் அவள் துள்ளி எழுந்து மாப்பிள்ளை கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டாள். தாலி ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம். மாப்பிள்ளை அப்பளசாமி லோரி ஓட்டுபவர். அறை வாங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே தாலியைக் கட்டி முடித்தார். அந்தக் கதையைச் சாகும்வரை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். ஆனால் அவர் எதிரில் யாரும் அக்காவை விரலால் குத்தியதில்லை. குத்த வந்தவன் ஒருவனைச் சட்டையைப் பிடித்து வாய்க்காலில் தள்ளியிருக்கிறார். அவர் நெஞ்சுவலியில் போனபோது அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. மகன் திலீப்பை வைத்துக்கொண்டு சுங்கை சோவில் எங்கள் அடுக்குமாடிக்கு வந்து, இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து. திலீப் ஜோகூரில் இருக்கிறான், தீபாவளிக்கு வருவான்.

நான் சேர்ந்தது அவளுக்கு ஐந்து வருடம் கழித்து. டப்பாவையும் மூடியையும் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்கும் லைனில் நாங்கள் பதினாறு பெண்கள். எங்களுக்கு மேலே சூப்பர்வைசர் சுகுமாறன். கறுப்புச் சாயம் அடித்த மீசை, சட்டைப்பையில் மூன்று பேனா. கழிவறைக்குப் போகிறவர்கள் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்று அந்த மனிதர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் பெயரைச் சிவப்பு மையில் வட்டமிடுவார். வெட்கக்கேடு. ஆனால் யார் வாய் திறப்பது?

ஒருநாள் என் கையிலிருந்து ஓர் இரும்பு டிரே நழுவிவிட்டது. உண்மையாகவே நழுவியதுதான். திலகம் அக்கா துள்ளிக் குதித்தாள். எதிரில் சுகுமாறன். பொம்பள ஒண்ணுக்குப் போறத நோட்டுல எழுதுற நாயே, ஒங்க அம்மா போனா எழுதுவியா என்று தொடங்கி, சாயம் அடித்த மீசை வரைக்கும் வந்தாள். லைனே விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்து லைன் மலாய்க்காரப் பெண்கள் ஓடிவந்து பார்த்துச் சிரித்தார்கள். சுகுமாறனும் சிரிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் அந்த நோட்டு இருந்த இடத்தில் இல்லை.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் நான் அக்காவின் காதில் கேட்டேன், அவ்வளவும் லாத்தாதானா என்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பாதி தானா வந்துச்சு. மீதிய நான் சேத்துக்கிட்டேன்" என்றாள்.

அதிலிருந்து அது எங்கள் வேலைமுறையாகவே ஆகிவிட்டது. மேலே சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் காலையிலேயே அக்காவிடம் சொல்லிவிடுவோம். சரியான ஆள் சரியான இடத்தில் வந்து நிற்கும்போது நான் டிரேயைக் கீழே போடுவேன். சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிடுவாள். மின்விசிறி இப்படித்தான் வந்தது. தீபாவளிக்கு முதல்நாள் ஓவர்டைம் நின்றது இப்படித்தான். வருடத்துக்கு ஒன்று, இரண்டு, அதற்கு மேல் இல்லை. அக்கா அளவு தெரிந்தவள். இந்த ஏற்பாடு மொத்தமாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். மற்றப் பெண்கள் ஊகித்திருப்பார்கள். ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

மூன்றாவதாக ஒருத்திக்குத் தெரிந்தது என்னால்தான். போன வருடம் விடுமுறைக்கு வந்த மோகனா, லாத்தாவைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய ஆராய்ச்சிகளைப் படிப்பதாகச் சொன்னாள். மலாய்ப் பெண்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்களாம், தமிழ்ப் பெண்ணைப் பற்றி ஒன்றும் காணோமாம். நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறதே என்ற பெருமை. கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொன்னேன். பஸ்ஸில் அக்கா என்னிடம் மட்டும் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போவதற்குள் என் கணவர் சிவநேசன் தண்டோரா போட்டு முடித்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் மகள் விஷயத்தில் நிதானம் கிடையாது. பல்கலைக்கழகம் தன் இணையப் பக்கத்தில் மோகனாவின் படத்தையும் முழுக் கட்டுரையையும் போட்டிருந்தது. அதை அவர் குடும்பக் குழுவுக்கு அனுப்பினார், கோயில் குழுவுக்கு அனுப்பினார், அடுக்குமாடிக் குழுவுக்கு அனுப்பினார். கூடவே தன் கையால் ஒரு வரி: "என் மகள் தன் தாயார் வேலை செய்யும் தொழிற்சாலையைப் பற்றி எழுதிய கட்டுரை உலக அளவில் முதல் பரிசு." பிள்ளை பாடுபட்டுப் பெயரையெல்லாம் மாற்றியிருக்கிறாள். இவர் ஒரே வரியில் முகவரியே கொடுத்துவிட்டார். கோயில் குழுவில் சுகுமாறன் இருக்கிறார்.

அழியுங்கள் என்று கத்தினேன். ஏன் என்று புரியாமல் விழித்தார். புரியவைப்பதற்குள் கோயில் குழுவில் நாற்பது பேர் கைகூப்பிவிட்டார்கள். மோகனாவைக் கூப்பிட்டு என்னதான் எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன். அவள் தமிழில் சொன்னாள். அதிகாரத்தில் இல்லாத ஒரு பெண் பயத்தை உடையாக அணிந்துகொண்டு உண்மையைப் பேசுகிறாளாம். முதலில் நோயாக வந்தது பின்னால் நடிப்பாகிவிட்டதாம். டிரே இருக்கிறது, கழிவறை நோட்டு இருக்கிறது, சாயம் அடித்த மீசைகூட இருக்கிறது. யாரைக் கேட்டு எழுதினாய் என்றேன். "ஒங்களத்தான்மா கேட்டேன், நீங்கதான் சொன்னீங்க" என்றாள்.

ஒரே நம்பிக்கை, கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது. பன்னிரண்டு பக்கம். எங்கள் கோயில் குழுவில் பன்னிரண்டு வரி யார் படிப்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மறுநாள் காலை பஸ் ஏறும்போது தொலைபேசியைப் பார்த்தேன். சுகுமாறன் எழுதியிருந்தார்: "வாழ்த்துகள். முழுவதும் படித்தேன். மிகவும் சுவாரசியமாக இருந்தது."

பஸ்ஸில் திலகம் அக்கா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். மடியில் ஒரு பை. உள்ளே மோகனாவுக்கு ஒரு சுடிதார் துணி. திலீப்புக்கு வராத படிப்பு இந்தப் பிள்ளைக்காவது வந்ததே என்று சொல்லி என் கையில் வைத்தாள். என்ன எழுதியது பிள்ளை என்று கேட்டாள். தோட்டத்து மக்களைப் பற்றி என்றேன். நல்லது, நம்மைப் பற்றி யார் எழுதுகிறார்கள் என்றாள். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு தொழிற்சாலை வரைக்கும் உட்கார்ந்திருந்ததற்குப் பதில் அவள் என்னை அறைந்திருந்தாலும் பரவாயில்லை.

அன்றைக்கே இன்னொன்று. முந்தின வாரம் லைனிலிருந்த ஸ்டூல்களை எடுத்துவிட்டார்கள். நின்று செய்தால் வேலை வேகமாக நடக்குமாம். கலும்பாங்கிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு ஆறு மாதம், கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது. புதனன்று மயங்கிச் சரிந்தாள். வெள்ளிக்கிழமை இடைவேளையில் பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். திங்கட்கிழமை காலை மேனேஜர் லைனைப் பார்க்க வருவார். அக்கா சரி என்றாள். கூட்டத்தின் தலைக்கு மேலே என்னைப் பார்த்தாள். நானும் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

சனி, ஞாயிறு எனக்கு எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். டிரேயைப் போட்டால் சுகுமாறன் அவளை மேனேஜர் முன்னால் பிடித்துவிடுவார். பத்து வருடமாக வேலையாட்கள் நாடகமாடி நிர்வாகத்தை மிரட்டினார்கள் என்பார். அக்காவுக்கு வேலை போகும். ஐம்பத்தைந்து வயதில், ஆறாம் ஆண்டுப் படிப்பில், வேறு எங்கே எடுப்பார்கள்? இரண்டு தடவை அவள் வீட்டு வாசல் வரை போனேன். முதல் தடவை அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள், மோகனா எப்போது வருவாள் என்று கேட்டாள், சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது தடவை கதவைத் தட்டவேயில்லை. நான் கோழை. கடைசியில் கோழைக்கு ஏற்ற ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். டிரேயைப் போட மாட்டேன். டிரே விழாவிட்டால் அக்கா சும்மா இருப்பாள். பெண்கள் என்னைத் திட்டுவார்கள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு மேனேஜர் வந்தார். சீனர், அதிகம் பேசாதவர். பின்னால் சுகுமாறன். அவர் கையில் மடித்த தாள்கள் இருப்பதைப் பார்த்தேன். டிரேயை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அக்கா மூடிகளைப் பெட்டியில் அடுக்கியபடி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். போடு என்கிறாள். நான் குனிந்துகொண்டேன். மேனேஜர் அவளைக் கடந்து இரண்டடி போய்விட்டார். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அப்போது சுகுமாறன் அக்காவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, காலிப் பெட்டிகள் அடுக்கிய இரும்பு ரேக்கை முழுப் பலத்தோடு உதைத்தார்.

ரேக் சாய்ந்தது. அக்கா துள்ளியதில் கையிலிருந்த பெட்டி பறந்து மேனேஜர் தோளில் பட்டது. அவள் வலது கை இயந்திரத்தின் விளிம்பில் மோதிக் கிழிந்தது. இரத்தம் வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. சுகுமாறன் மேனேஜரைப் பார்த்து மலாயில், நடிக்கிறாள் சார், எல்லாம் இதிலேயே எழுதியிருக்கிறது என்று தாளைக் காட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில், "நடிக்கிறா, பாத்துக்குங்க, நடிக்கிறா" என்றார்.

"நடிக்கிறா" என்றாள் திலகம் அக்கா. "நடிக்கிறா, நடிக்கிறா, நடிக்கிறா."

லாத்தாவின் குணமே அதுதான். எதிரில் உள்ளவர் சொன்னது திரும்பி வரும். பாருங்கள், அவளே ஒப்புக்கொள்கிறாள் என்றார் சுகுமாறன். கையைத் தூக்கு என்றார், தூக்கினாள். இரத்தம் முழங்கை வழியாக வழிந்தது. குதி என்றார், குதித்தாள். கண் எங்கேயோ நிலைகுத்தி இருந்தது. நாங்கள் பேசிவைத்துச் செய்த நாட்களிலெல்லாம் அந்தக் கண் நடுவில் ஒரு தடவை என்னைத் தேடி வரும். அன்று வரவில்லை. அது உண்மை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் மற்ற பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ வருடம் கூடவே வேலை செய்தவர்கள். யாரும் சிரிக்கவும் இல்லை, அவளைப் பிடிக்கவும் இல்லை. உண்மையா பொய்யா என்று அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார்கள். அதற்குள் எல்லாருக்கும் கட்டுரை விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

நான் டிரேயைப் போட்டுவிட்டு ஓடினேன். அது விழுந்த சத்தத்தில் அவளுக்கு இன்னொரு தடவை உடம்பு தூக்கிப்போட்டது. அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மேனேஜரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கத்தினேன். தமிழில் என்றால் அது இப்படி வரும்:

"இது உண்மை சார். நடிச்சதெல்லாம் நான் டிரே போட்ட நாளு. மின்விசிறி கேட்டது நான், ஓவர்டைம் வேணாம்னு சொல்லச் சொன்னது நான். இன்னிக்கு நான் போடல சார். இன்னிக்கு நெசமாவே பயந்துட்டாங்க."

அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவள் செய்ததை ஒப்புக்கொண்டாக வேண்டும் என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மேனேஜர் தோளைத் தடவிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் கையைக் கவனியுங்கள் என்றார். கிளினிக்கில் அக்காவுக்கு ஐந்து தையல் போட்டார்கள். ஊசி குத்தும்போதுகூட அவள் என் பக்கம் திரும்பவில்லை.

எங்கள் இருவரிடமும் விளக்கக் கடிதம் கேட்டார்கள். அந்த மூன்று நாளும் தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தேன். வியாழக்கிழமை முடிவு சொன்னார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். சுகுமாறனுக்கும் ரேக்கை உதைத்ததற்காக ஒன்று. அக்காவுக்கு வேலை போகவில்லை. ஆனால் லைனிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். அங்கே அவள் ஒருத்திதான். காலை ஏழிலிருந்து மூன்றரை வரை அட்டைப் பெட்டிகளோடு இருக்க வேண்டும். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு மட்டும் ஸ்டூல் கொடுத்தார்கள். லைனில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பஸ்ஸில் அக்கா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள், பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மோகனா வந்தாள். வந்த பிள்ளை வீட்டில் பையை வைக்காமல் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அக்கா கதவைத் திறந்தாள், உள்ளே வா என்றாள். பிள்ளை காலில் விழப் போனதைத் தடுத்துவிட்டு, அழாமல் அந்தக் கட்டுரையைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னாள்.

மோகனா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிப் படித்தாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆங்கிலத்தில் அவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவளுக்கு, சம்பந்தப்பட்டவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது தமிழில் பல வாக்கியங்கள் வாயிலிருந்து வரமாட்டேன் என்றன. அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். சில இடத்தில் சரி என்று தலையாட்டினாள். குலை விழுந்த இடத்தில், ஒரு முழம் இல்லை, ஒரு சாண் என்று திருத்தினாள். நோயாக வந்தது பின்னால் நடிப்பாகிவிட்டது என்ற வரிக்கு நிறுத்தச் சொன்னாள்.

"இது தப்பு புள்ள. எது தானா வருது, எது நான் சேத்துக்கிறதுன்னு எனக்கே இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தொடங்கறப்ப ஒண்ணா இருக்கும், முடியறப்ப வேறயா இருக்கும். எங்கிட்ட வந்து கேட்டிருந்தா இதச் சொல்லியிருப்பேன்லா" என்றாள்.

அந்தச் சங்கத்துக்கு எழுதிவிட்டதாகவும், சம்பந்தப்பட்டவரின் சம்மதம் கேட்காமல் எழுதியதை ஒப்புக்கொண்டதாகவும், பரிசைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும் மோகனா ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து கட்டுரையை எடுத்தாயிற்று. அது உன் இஷ்டம் என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், சுடிதார் துணி கொடுத்தனுப்பினேன், போய்ப் பார் என்றாள்.

நான் கதவோரமே நின்றிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மேனேஜர் முன்னால் எல்லாவற்றையும் நானே ஒப்புக்கொண்டதை அவள் நினைத்துப் பார்ப்பாள், அதற்காவது மனம் இறங்குவாள் என்று ஓர் ஆசை எனக்கு இருந்தது. அதைச் சொல்லவும் சொன்னேன், வேலை போனாலும் போகட்டும் என்றுதான் அன்று பேசினேன் என்று. வெட்கமில்லாமல் சொன்னேன்.

அக்கா முதல்முறையாக என்னை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அது பெருசில்ல விமலா. ஒண்ணு கேக்கறேன். இதெல்லாம் ஒம் மகளுக்குச் சொன்னப்ப, சிரிச்சியா?"

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். மோகனா பக்கத்தில் இருந்தாள்.

"சிரிச்சேன்க்கா."

"என்ன மாதிரியே குதிச்சுக் காட்டினியா?"

மோகனா தலையைக் குனிந்துகொண்டாள். தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கண்ணை உருட்டி, வீடு அதிர நான் குதித்ததும், என் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

"ஆமாங்க்கா" என்றேன். "குதிச்சுக் காட்டினேன்."